வெந்நீர் பட்ட எலும்பு

போன மாதம் முட்டிவலிக்காக, நான் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே போயிருந்தேன். ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். ஆபரேஷன் தியேட்டரில் இப்போது டெக்னீஷியனாக இருக்கும் பெண் என்னை அடையாளம் கண்டுகொண்டு, உட்கார வைத்து, ஒரு சின்ன அட்டைப் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஒரு குப்பியில் பொடி, தனியாக ஒரு பஞ்சுத் துண்டு. பொடியைக் கரைத்துப் பஞ்சில் ஊற்றி, எலும்பு இல்லாமல் போன இடத்தில் வைத்துத் தைத்துவிட வேண்டியதுதானாம். பஞ்சிலிருந்து அந்தச் சத்து வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து, பக்கத்துச் சதையில் இருக்கும் உயிரணுக்களையெல்லாம் எலும்பு கட்ட வைக்குமாம்.

"உங்க காலத்துல இதெல்லாம் ஏது சார்?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "ஏன் இல்ல? இதே ரூம்ல, இந்த ஜன்னலுக்குக் கீழ வச்சு நானே என் கையால செஞ்சிருக்கேன்" என்றேன். "எப்படி சார்?" என்று ஆர்வமாகக் கேட்டாள். பெருமையாகச் சொல்ல ஆரம்பித்து, அஞ்சலை என்ற மீன்காரியின் கால் வரைக்கும் வந்ததும் நிறுத்திவிட்டேன். "மிச்சத்த எழுதித் தர்றேம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என் பெயர் கலியபெருமாள். ஊர் நெடுங்காடு. அப்பா, சித்தப்பா எல்லோரும் வாய்க்கால் தண்ணீரை நம்பி நெல் போட்டவர்கள். எனக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கத் தைரியம் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்தேன். கிருமி சாக ஆவியில் ஏற்றும் ட்ரம்மில் துணி அடுக்கினேன், கத்தி கத்தரிக்கோல் கழுவினேன், யாரோ ஒரு வருஷம் லீவில் போனபோது தியேட்டருக்குள் நுழைந்தேன். அவ்வளவுதான் என் படிப்பு.

நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. தியேட்டர் வேலைக்கு அது நல்ல குணம் என்று அப்போது நினைத்தேன். கொதிக்காத எதையும் நான் நம்பியதில்லை. கத்தியா, கொதிக்கட்டும். கிண்ணமா, கொதிக்கட்டும். வீட்டில் குடிதண்ணீரை இரண்டு தரம் கொதிக்க வைப்பேன். குழந்தையின் கிலுகிலுப்பையை வேக வைத்து அது கோணிக்கொண்டு போனபோது என் மனைவி, "விட்டா என்னையும் ஒரு நாள் அடுப்புல ஏத்திருவீங்க" என்றாள். ஆஸ்பத்திரியில் இருந்து கிளம்பினால் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து ஸ்டெரிலைசர் சுவிட்சை அணைத்தேனா என்று பார்ப்பேன். வாட்ச்மேன் என்னைப் பார்த்ததும் வாயைத் திறக்காமலே கதவைத் திறந்துவிடுவார்.

எண்பதுகளின் முதல் வருஷங்களில் டாக்டர் சவரிநாதன் வந்தார். எலும்பு டாக்டர். பிரெஞ்சுக்காரர் ஆண்ட எங்கள் பக்கத்தில் பலரைப் போல, குடும்பம் மொத்தமும் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள். அண்ணன்கள் இரண்டு பேர் பிரான்சில் இருந்துகொண்டு மாதம் ஒரு கடிதம் போட்டு அவரைக் கூப்பிடுவார்கள். அவர் போகவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் கிடையாது. மெலிந்த உடம்பு. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கோபம் ஏற ஏறக் குரல் இறங்கும். சாதாரண நாளில் நான் "கலியபெருமாள்". ஏதாவது தப்பு நடந்துவிட்டால் "மெஸ்யே கலியபெருமாள்". பிரெஞ்சில் 'ஐயா' என்று அர்த்தம். அந்த மரியாதைக்குத்தான் நான் பயப்படுவேன்.

எது நடந்தாலும் அவர் கேட்பது மூன்றே கேள்வி. "எத்தனை மணிக்கு? எத்தனை டிகிரி? யார் பாத்தது?" பதிலை ஒரு நீள நோட்டில் தானே எழுதிக்கொள்வார். திட்ட மாட்டார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

அவர்தான் எலும்பு பதப்படுத்துகிற வேலையைக் கொண்டு வந்தார். வயதானவர்கள் விழுந்து இடுப்பில் எலும்பு முறிந்து வந்தால், தொடை எலும்பின் மேல்பந்தை எடுத்துவிட்டு இரும்புப் பந்து வைப்போம். எடுத்த பந்தை அதுவரை புதைத்துக்கொண்டிருந்தோம். இவர் நோயாளியிடமே கேட்டு வாங்கி, மஞ்சள் காமாலை இல்லை என்று ரத்தம் பார்த்து, என்னிடம் கொடுத்தார்.

"எலும்புக்குள்ள ஒரு சத்து இருக்கு, கலியபெருமாள். புது எலும்ப வரவைக்கிற சத்து. சுண்ணாம்புக்குள்ள பூட்டி வச்சிருக்கு. அமிலத்துல போட்டு சுண்ணாம்ப மட்டும் கரைச்சிட்டா அது வெளில வரும். ஆனா ஒரே நாள்ல மொத்தமும் வந்துட்டா ரத்தம் அடிச்சிட்டுப் போயிடும். மெதுவா வரணும். வாரக்கணக்கா வரணும்."

அதற்காக மூன்று கனத்தில் அறுக்கச் சொன்னார். நகம் அளவு மெல்லியது, அதைவிடத் தடி, அதைவிடத் தடி. மெல்லியது முதலில் சத்தை விடும், தடியானது கடைசியில் விடும் என்பது அவர் கணக்கு. பந்தின் மேலிருக்கும் வழுவழுப்பைச் சுரண்டி, சிறிய ரம்பத்தால் அறுத்து, ரத்தம் போகும்வரை அலசி, கொழுப்பு போக மருந்தில் ஊற வைத்து, பிறகு நீர்த்த அமிலத்தில் போட்டு ஃபிரிஜ்ஜில் வைப்பேன். தினமும் அமிலத்தை மாற்ற வேண்டும். ஐந்தாவது, ஆறாவது நாளில் துண்டு தேங்காய்க் கீற்று மாதிரி வளையும். ஊசியால் குத்தினால் தடையில்லாமல் இறங்கும். அதற்குப் பிறகு அமிலம் போகும்வரை கழுவி, ஆல்கஹாலில் மூழ்கடித்து மூடி, மறுபடியும் ஃபிரிஜ்.

முதல் நாளே சொன்னார். "இதுக்குச் சூடு ஆகவே ஆகாது. கொதிநீர், ஆவி, வெயில் எதுவும் படக்கூடாது. பட்டா உருவம் இருக்கும், உயிர் இருக்காது." ஒரு அட்டையில் அவர் கையாலேயே அதை எழுதி ஃபிரிஜ் கதவில் ஒட்டினார். கொதிக்க வைக்காமல் ஒரு பொருளை மனிதன் உடம்புக்குள் வைக்கப் போகிறோம் என்பதை நினைத்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

முதலில் ஒரு விவசாயத் தொழிலாளியின் விரல் எலும்பில் இருந்த ஓட்டையில் வைத்தார். இரண்டே மாதத்தில் எக்ஸ்ரேயில் ஓட்டை வெள்ளையாக மூடிக்கொண்டது. பிறகு இன்னொருவர் முழங்கையில். அதுவும் கூடியது. எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்தது.

அஞ்சலை வந்தது அப்போதுதான். காரைக்கால்மேட்டுப் பெண். முப்பது வயது இருக்கும். ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் சுமந்து, அம்பகரத்தூர் பக்கம் தெருத்தெருவாக நடந்து விற்பவள். வைக்கோல் ஏற்றிய லாரி இடித்து வலது கெண்டைக்காலில் இரண்டு விரற்கடை எலும்பே இல்லாமல் போயிருந்தது. டாக்டர் முதலில் அவள் இடுப்பிலிருந்தே எலும்பு எடுத்து வைத்தார். சீழ் பிடித்துப் போனது. சீழ் ஆறக் காத்திருந்து மறுபக்க இடுப்பிலிருந்து எடுத்து வைத்தார். அதுவும் கரைந்து போனது. எடுக்க இனி இடமில்லை. பதப்படுத்திய எலும்பை வைத்துப் பார்ப்பது, அதுவும் கூடாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடுவது என்று முடிவானது.

அவள் அதைக் கேட்டுவிட்டு, "நடக்காத மீன்காரிகிட்ட எவ மீன் வாங்குவா? வச்சுப் பாருங்க சார்" என்றாள். அவள் புருஷன் சிங்காரவேல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அதற்கு ஒரு மாதம் முன்பு வேறொருவருக்கு முட்டி ஆபரேஷன் செய்த இடத்தில் சீழ் வைத்துவிட்டது. டாக்டர் என்னைக் கூப்பிட்டு மூன்று கேள்வியும் கேட்டார். ட்ரம் எத்தனை மணிக்கு ஏற்றினேன், எத்தனை டிகிரி, யார் பார்த்தது. எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனாலும் கடைசியில், "அப்ப எங்கேருந்து வந்துச்சு, மெஸ்யே கலியபெருமாள்?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதிலிருந்து எனக்கு எதைப் பார்த்தாலும் கிருமியாகவே தெரிந்தது.

அஞ்சலைக்கு ஆபரேஷன் வைத்திருந்த வாரம் நல்ல மழை. ஒன்றரை நாள் கரண்ட் இல்லை. கரண்ட் வந்த மறுநாள் காலை ஆபரேஷன். எட்டு மணிக்கு எலும்புக் குப்பியை எடுக்க ஃபிரிஜ்ஜைத் திறந்தேன். மூடி சரியாகத் திருகாமல் இருந்தது. ஆல்கஹால் பாதிக்கு மேல் ஆவியாகிப் போய், மேலே இருந்த துண்டுகள் வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தன. ஊரில் இருக்கிற சுவிட்சையெல்லாம் நாலு தரம் பார்க்கிற நான் இந்த மூடியை ஒரு தரம் பார்க்கவில்லை.

அஞ்சலையை மேஜையில் படுக்க வைத்தாகிவிட்டது. டாக்டர் கை கழுவிக்கொண்டிருக்கிறார். தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. போய்ச் சொல்லியிருக்க வேண்டும். "சார், குப்பி திறந்திருக்கு, இன்னைக்கு வேண்டாம்" என்று சொன்னால் முடிந்தது. ஆபரேஷன் தள்ளிப்போயிருக்கும், நான் ஒரு மெஸ்யே வாங்கியிருப்பேன். எனக்கு அது வரவில்லை. கிருமி, கிருமி என்று மண்டைக்குள் ஒரே சத்தம். இன்னொரு சீழ் வந்தால் அந்தக் கால் அவ்வளவுதான், என் வேலையும் அவ்வளவுதான். பக்கத்தில் ஸ்டெரிலைசரில் தண்ணீர் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது.

அட்டையில் இருந்ததைப் படித்தேன். படித்துக்கொண்டேதான் செய்தேன். அமிலத்தையே தாங்கிய எலும்பை வெறும் வெந்நீர் என்ன செய்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, துண்டுகளை வலைக் கூடையில் போட்டு முக்கினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பத்து நிமிஷம். தூக்கியபோது துண்டுகள் ஓரம் சுருண்டு, அளவிலேயே குறைந்து போயிருந்தன. குளிர்ந்த சலைனில் போட்டேன். சுருண்டது நிமிரவில்லை.

டாக்டர் ஒரு துண்டை விரலில் எடுத்து வளைத்துப் பார்த்தார். "என்ன, சுருங்கியிருக்கு?" என்றார்.

"ஆல்கஹால்ல ரொம்ப நாள் இருந்துச்சு சார்" என்றேன்.

முகக்கவசத்துக்கு மேலே அவர் கண் என்னை ஒரு நொடி பார்த்தது. பிறகு குனிந்து வேலையைத் தொடங்கினார்.

சீழ் வரவில்லை. காயம் அழகாக ஆறியது. முதல் இரண்டு வாரம் எனக்கு ஒரே சந்தோஷம். பார்த்தாயா, நான் செய்தது சரிதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் மாத எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. முதல் மாதத்தில் எப்போதும் இருக்காது. இரண்டாவது மாதமும் இல்லை. மூன்றாவது மாதம், எலும்பின் இரண்டு முனைக்கும் நடுவில் அதே கருப்பு இடைவெளி. புது எலும்பின் நிழல்கூட இல்லை.

அந்த மாதங்களில் நான் பட்ட அவஸ்தையை என் மனைவிக்கும் சொல்லவில்லை. வார்டு வழியாகப் போக வேண்டியிருந்தால் சுற்றிக்கொண்டு போவேன். அஞ்சலைக்குக் கண் கூர்மை. "என்னண்ணே, என்னைக் கண்டா ஓடுற? நான் என்னா மீனு வாங்கச் சொல்லியா கேக்குறேன்?" என்று கட்டிலில் இருந்தே கத்துவாள். வார்டே சிரிக்கும். நானும் சிரித்துவிட்டுப் போய்ப் பாத்ரூமில் நின்றுகொண்டிருப்பேன்.

ஐந்தாவது மாத எக்ஸ்ரேயை வெளிச்சப் பெட்டியில் மாட்டி வைத்துக்கொண்டு டாக்டர் வெகுநேரம் நின்றார். நான் கதவருகில் இருந்தேன். "விரல்ல வந்துச்சு. முழங்கைல வந்துச்சு. இவங்களுக்கு மட்டும் வரல. விதைல குறையில்ல, கலியபெருமாள். நிலம் செத்துப் போச்சு. அந்தக் கால்ல இனிமே எலும்பு வராது" என்றார். நெல் விதைக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை. வியாழக்கிழமை அந்தக் காலை எடுத்துவிடுவது என்று எழுதினார்.

புதன்கிழமை மத்தியானம் சம்மதப் பத்திரத்தில் கைநாட்டு வாங்க நர்ஸ் என்னை மைப்பெட்டியோடு அனுப்பினாள். அஞ்சலை எழுந்து உட்கார்ந்திருந்தாள். கத்தவில்லை, கேலி செய்யவில்லை. கட்டை விரலை நீட்டினாள். நான் மைப்பெட்டியைத் திறந்தேன்.

"அண்ணே, எடுத்த கால என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"பொதைச்சிருவோம்மா."

"எங்கேன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லிரு. அத நாயி கீயி தோண்டிறப் போவுது." சொல்லிவிட்டுத் தன் முட்டியைத் தடவிக்கொடுத்தாள். "நல்ல காலுண்ணே இது. எவ்வளவு நடந்துச்சு."

என்னால் முடியவில்லை. மைப்பெட்டியை மூடி, "செத்த இரும்மா" என்று சொல்லிவிட்டு நேராக டாக்டர் அறைக்கு நடந்தேன். உள்ளே போய் நின்றதும் வாய் தானாகத் திறந்துகொண்டது. "சார், நிலம் சாகல. நான் எலும்ப வெந்நீர்ல போட்டுட்டேன்."

அவர் பேனாவை மூடினார். பிறகு மறுபடியும் திறந்தார். நீள நோட்டை இழுத்துப் பழைய பக்கத்தைத் தேடி எடுத்தார்.

"எத்தனை மணிக்கு?"

"எட்டே காலுக்கு சார்."

"எத்தனை டிகிரி?"

"கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு சார். பத்து நிமிஷம்."

"யார் பாத்தது?"

"யாரும் பாக்கல சார். நான் மட்டுந்தான்."

எழுதினார். "சுருங்கியிருக்குன்னு நான் கேட்டேன். என்ன சொன்னீங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "சொல்லுங்க" என்றார். ஆல்கஹாலில் ரொம்ப நாள் இருந்தது என்று சொன்னேன் என்றேன். அதையும் அப்படியே, என் வார்த்தையிலேயே எழுதினார். எழுதி முடித்துவிட்டு, காது வைத்துக் கேட்க வேண்டிய அளவு மெதுவாகச் சொன்னார். "மெஸ்யே கலியபெருமாள், நாளைக்குக் காலைல நான் அந்தக் கால வெட்டியிருப்பேன்."

"வேலைய விட்டு எடுத்துருவீங்களா சார்?" என்று கேட்டேன். அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கவலை. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"அவங்க கால் என்ன ஆகுதுன்னு பாத்துட்டு அதப் பேசலாம். இப்பப் போய் அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க. உங்களுக்காக நான் சொல்ல மாட்டேன்."

அந்த வராந்தா அவ்வளவு நீளம் என்று எனக்கு அதுவரை தெரியாது. சிங்காரவேலும் வந்திருந்தார். சொன்னேன். எதற்காகக் கொதிக்க வைத்தேன், கொதித்தால் என்ன ஆகும், டாக்டரிடம் என்ன பொய் சொன்னேன், எதையும் விடவில்லை. அஞ்சலைக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

"அட பாவி மனுசா!" என்று போட்டாளே ஒரு சத்தம். "அவிச்ச முட்டைய அடைக்கு வச்சுட்டு, குஞ்சு வரலன்னு கோழியோட கழுத்தத் திருகப் பாத்தீங்களேடா! அஞ்சு மாசமா இந்தக் கட்டில்ல மல்லாந்து கெடக்கேன், அஞ்சு மாசமா என்னைப் பாத்துப் பாத்துச் சிரிச்சிட்டுப் போனியே, நீ நல்லா இருப்பியா?" கையில் கிடைத்த டம்ளர் என் தோளில் பட்டு விழுந்தது. சிங்காரவேல் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். கையை ஓங்கியவர், என்ன நினைத்தாரோ, விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அடித்திருக்கலாம். நான் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டேன்.

அஞ்சலை மூச்சு வாங்கி முடித்தாள். "திரும்ப அறுத்து வேற எலும்பு வைப்பாரா டாக்டரு?"

"வைப்பாரும்மா."

"வச்சா வருமா?"

"தெரியல. வரலாம்."

"அப்ப அந்த எலும்ப நீதான் செய்யணும். வேற எவனாவது செஞ்சா அவன் என்னா தப்புப் பண்ணுவான்னு எனக்குத் தெரியாது. நீ பண்ற தப்பு எனக்குத் தெரியும்."

மறுநாள் கால் எடுக்கவில்லை. ஆனால் புது எலும்பு வேண்டுமே. குப்பியில் மிச்சமில்லை. யாராவது ஒரு வயதானவர் விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டு வர வேண்டும். வாசலில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் ஓடிப்போய்ப் பார்ப்பேன். வயதானவரா, இடுப்பா என்று. இல்லையென்றால் மனது தொங்கிப்போகும். அப்படி நினைக்கிறோமே என்று அதற்கு வேறு பயம். மூன்று வாரம் கழித்து, பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் ஒரு பெரியவர் கிணற்றடியில் வழுக்கி விழுந்து வந்தார். டாக்டர் அஞ்சலையின் கதையைச் சொல்லிக் கேட்டதும், "தாராளமா எடுத்துக்குங்க. கப்பல்ல சைகோன் வரைக்கும் சண்டைக்குப் போயிட்டு வந்த எலும்பு. அந்தப் பொண்ணு அதோட அம்பகரத்தூர் போறதுக்கென்ன?" என்று சிரித்தார்.

பந்து கைக்கு வந்தது. வந்த மறுநாளே கரண்ட் போனது.

அமிலத்தில் துண்டுகள் ஊறுகின்றன. குளிர் குறையக்கூடாது. நான் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, அஞ்சலை கட்டிலில் இருந்து புருஷனை விரட்டினாள். "மரம் மாதிரி நிக்கிற? ஏலம் போடுற எடத்துல ஐஸு இல்லையா? போய்த் தூக்கிட்டு வா." சிங்காரவேல் சைக்கிளில் பறந்து, மீனுக்கு வைக்கிற ஐஸ் பாளத்தைச் சாக்கில் கட்டி, உமி நிரப்பிய மரப்பெட்டியோடு கொண்டு வந்தார். மீன் வாடை தியேட்டர் வராந்தா முழுக்க. நர்ஸ் மூக்கைப் பொத்திக்கொண்டு டாக்டரிடம் புகார் சொன்னாள். அவர் பெட்டிக்குள் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, "ரெண்டு டிகிரி. ஃபிரிஜ்ஜ விட நல்லாருக்கு" என்றார்.

ஆறு நாளில் மூன்று தடவை கரண்ட் போனது. மூன்று தடவையும் ஐஸ் வந்தது. சிங்காரவேல் கடலுக்குப் போகாமல் பகல் முழுக்கப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மணிக்கு ஒரு தரம் நான் டிகிரி பார்த்தேன், அவரையும் பார்க்கச் சொன்னேன், இரண்டு பேர் பார்த்ததாக எழுதினேன். அதுவரை அவர் என்னோடு பேசவில்லை. கடைசி நாள் துண்டை ஊசியால் குத்திக் காட்டி, "எறங்கிருச்சு, பாருங்க" என்றேன். அவரே ஊசியை வாங்கி ஒரு தரம் குத்திப் பார்த்தார். "எறங்குதுங்க" என்றார்.

ஆபரேஷன் அன்று டாக்டர் காலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்பக்கத் தோல் பல தடவை வெட்டுப்பட்டுக் காகிதம் மாதிரி ஆகியிருந்தது. "நீங்க முதல் தடவையே சரியா கொடுத்திருந்தா இந்தப் பக்கமே முடிஞ்சிருக்கும். இனிமே இங்க கத்தி வைக்க முடியாது" என்று சொல்லிவிட்டு, வெளிப்பக்கமாகப் புதிதாக ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி உள்ளே போனார். நான் துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்துத்தான் வைத்தார்.

மறுபடியும் காத்திருப்பு. நாலாவது வாரம் ஒன்றும் இல்லை. ஆறாவது வாரம் ஒன்றும் இல்லை. எனக்கு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்துக்கொள்ளலாமா என்றுகூடத் தோன்றியது. பத்தாவது வாரம் ஈர எக்ஸ்ரேயை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். இரண்டு முனைக்கும் நடுவே, மூச்சுப் பட்ட கண்ணாடி மாதிரி லேசாக ஒரு வெள்ளை. நான் பார்த்தேன். என் கண்தான் பொய் சொல்கிறது என்று நினைத்தேன். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார். படத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குப் போய் அஞ்சலையிடம், "வந்திருக்கும்மா" என்றார். நான் வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கட்டுப் பிரித்து அவள் நடக்க இன்னும் நாலைந்து மாதம் ஆனது. கால் அரை அங்குலம் குட்டை, ஆனால் சொந்தக் கால். என் வேலையைப் பற்றி டாக்டர் அதன் பிறகு பேசவே இல்லை. ஒரு நாள் நானே கேட்கப் போனேன். "எலும்பு கூடிருச்சு. நோட்டுல அந்தப் பக்கத்த நான் கிழிக்க மாட்டேன். ரெண்டையும் வச்சுக்கிட்டு வேலையப் பாருங்க" என்றார். பார்த்தேன். ஓய்வு பெறும் நாள் வரை பார்த்தேன்.

அஞ்சலை நடக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் கழித்து ஒரு காலை நேரம், அம்பகரத்தூர் கோயிலுக்கு என் மனைவியோடு பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நடுவழியில் அஞ்சலை கூடையோடு ஏறினாள். லேசாக விந்தினாள். கண்டக்டர் கூடையை வாங்கி ஓரமாக வைத்தார். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். நான் ஜன்னல் பக்கம் திரும்புவதற்குள், "இந்தாண்ணே!" என்று ஒரு அதட்டல். எதிர் சீட்டில் உட்கார்ந்தாள்.

பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி, "கால்ல என்னம்மா?" என்று கேட்டாள். இதை எத்தனையாவது தரமாகச் சொல்கிறாளோ, புடவையை முழங்காலுக்குக் கீழே கொஞ்சம் தூக்கி, ஒவ்வொரு தழும்பாக விரலை வைத்துக் காட்டினாள். "இது லாரிக்காரன் போட்டது. இது டாக்டரு போட்டது." பிறகு காலைத் திருப்பினாள். வெளிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குப் பளபளவென்று ஒரு கோடு. "இது இந்தா உக்காந்திருக்காரே, இந்த அண்ணன் போட்டது."

பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "பெரிய டாக்டருங்களா?" என்று அந்த அம்மாள் மரியாதையாகக் கேட்டாள். என் மனைவி ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு நான் இன்னும் சொல்லியிருக்கவில்லை.

"இல்லீங்க" என்றேன். "நான் டாக்டர் இல்ல. அவங்க சொல்றது சரிதான், அது நான் போட்டதுதான்" என்று தொடங்கி, பஸ் அம்பகரத்தூர் போய்ச் சேருவதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். நான் ஒரு இடத்தில் தடுமாறியபோது, "பத்து நிமிசம்ணே, அத விட்டுட்ட" என்று அஞ்சலைதான் எடுத்துக் கொடுத்தாள்.